ஒரு பதிவுக்காக ஒருவரின் பிழைப்பு

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளம் தத்தளித்தபோது, நிவாரண முகாமில் இருந்த பெண்களின் தேவையைக் கேலி செய்து முகநூலில் எழுதிய ஒரு மலையாளி இளைஞர், மன்னிப்புக் கேட்டும் ஓமானில் பார்த்துவந்த வேலையை இழந்தார். அன்று பாலக்காடு மாவட்டத்தில் தமிழக எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் அரிசியும் போர்வையும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம்; செய்தி வந்ததும், 'நல்லா வேணும்' என்று முதலில் சொன்னவன் நான்தான்.

இப்போது எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. சென்ற ஆண்டு எங்கள் ஊர்க் கடையொன்றில் கணக்கு எழுதிய பையன், தமிழர் மலையாளிச் சண்டை ஒன்றில் வாட்ஸ்அப்பில் கேவலமான ஒரு வரியைப் போட்டான். மறுநாள் காலை சாவிக்கொத்தைக் கல்லாமேல் வைத்துவிட்டு, பாதி எழுதிய பேரேட்டை மூடாமலே அவன் வெளியேறியதைப் பார்த்தேன். அவன் சம்பளத்தில்தான் அம்மாவுக்கு மருந்து.

இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தது; ஆனால் அரசியலமைப்பு தரும் பேச்சுரிமை முதன்மையாக அரசின் கையைத்தான் கட்டுகிறதே தவிர, தனியார் முதலாளியின் கையை அல்ல. ஆகவே விளக்கம் கேட்காமலே அனுப்பிவிடுவது எளிதாகிவிடுகிறது. ஆசிரியரோ காவலரோ ஒரு சமூகத்தையே வெறுத்து எழுதினால், அவரிடம் நீதி தேடி வருபவர்களை நினைத்து நீக்கத்தான் வேண்டும் என்பேன். கணக்கெழுதும் பையனை அழைத்து, புண்பட்டவர்கள் முன்னால் உட்காரவைத்துப் பேசியிருக்கலாம். அந்தக் கடையில் அதற்கு இரண்டு நாற்காலிகள் இருந்தன.