பேய் வட்டமும் அடுக்களைப் புகையும்

உயர்தர வகுப்பில் அளவையியலும் (தர்க்கம்) விஞ்ஞானமுறையும் படித்தவர்களை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் நிறைவிதி (எல்லாம் ஆகும்), நிறைமறை (எதுவும் ஆகாது), குறைவிதி (சில ஆகும்), குறைமறை (சில ஆகா) என்று ஒப்புவிப்பார்கள். இந்த நாலு வகை எடுப்புகளையும் (கூற்றுகளையும்) நாலு உருவில், அதாவது பதங்கள் அமையும் நாலு ஒழுங்கில், அடுக்க 256 நியாயத்தொடைகள் வரும்; நியாயத்தொடை என்பது இரண்டு எடுகூற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வரும் வாதம். அரிஸ்டோட்டில் வழிவந்த பழைய முறையில் 24 வலிதானவை, அதாவது எடுகூற்றுகள் உண்மையானால் முடிவும் உண்மையாகியே தீரும். வட்டங்களால் வாதத்தைச் சோதிக்கும் வென் வரைபடம் கீறினால் 15தான் தேறும். மிச்சம் 9உம் ஏன் விழுந்தன?

பேய்கள் எல்லாம் கால் இல்லாதவை. பேய்கள் எல்லாம் இரவில் திரிபவை. ஆகவே இரவில் திரிபவற்றுள் சில கால் இல்லாதவை. பழைய முறையில் இது வலிது. இப்போது மூன்று வட்டம் கீறுங்கள். பேய் வட்டத்துக்குள் கால் உள்ள பகுதியையும் இரவில் திரியாத பகுதியையும் நிழற்றுங்கள்; நிழல் என்றால் அங்கே எதுவும் இல்லை. மூன்று வட்டமும் வெட்டும் இடம் நிழலில்லாமல் நிற்கும். அதைக் கண்டதும் அங்கே ஏதோ இருக்கிறது என்று எண்ணி வலிது என எழுதிப் புள்ளியை இழந்தவர்கள் எத்தனை பேர்! நிழல் இல்லை என்றால் இருக்கலாம் என்பது மட்டுமே பொருள். முடிவிலுள்ள ‘சில’ அங்கே ஒரு புள்ளடி, அதாவது ‘இங்கே ஒன்றாவது உண்டு’ என்ற X குறி, கேட்கிறது. இரண்டு எடுகூற்றும் அதைத் தரவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வென் போன்றோர், ‘எல்லா’ என்ற சொல் இருப்பை உறுதிசெய்யாது என்று கொண்டார்கள். ஒன்பதும் விழுந்தது அதனால்தான். சிந்தனை வரலாறு தெரிந்தவருக்கு இது மனப்பாட விதியல்ல. ஆனால் பேய் உண்டா என்று கேட்டால் வரலாறும் கைவிரிக்கும், வட்டமும் கைவிரிக்கும்.

மணிமேகலையின் 29ஆம் காதை வேறு வழியில் போகிறது. இம்மலை நெருப்புடையது, புகை உள்ளதால், அடுக்களை போல. பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). கண்ணால் கண்ட அடுக்களை ஒன்று கேட்கும் இந்த முறையில் பேய் திட்டாந்தத்திலேயே மாட்டிக்கொள்ளும். இதை அரிஸ்டோட்டிலின் நியாயத்தொடையோடு ஒப்பிட்டு ‘எங்களிடம் அப்பவே இருந்தது’ என்று மேடையில் முழங்குவது நம் சங்கக் கூட்டங்களுக்கும் புதிதல்ல. அரிஸ்டோட்டிலிடம் வடிவம் மட்டும் சோதிக்கப்படுகிறது. மணிமேகலையில் உலகத்து உண்மையும் சேர்ந்தே சோதிக்கப்படுகிறது.

அதே காதை போலிகளை, அதாவது வாதத்தில் வரும் பிழைகளை, எண்ணுகிறது: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசம் என்ற வடமொழி நூலிலும் இதே 33. யாரிடமிருந்து யார் எடுத்தார் என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. இதே ஒற்றுமையை வைத்துத்தான் ஆய்வாளர்களில் குப்புசுவாமி சாஸ்திரி மணிமேகலை பிந்தியது என்றார்; கிருஷ்ணசுவாமி ஐயங்கார் முந்தியது என்றார்.