செவலையின் கயிறும் ஒரு காப்புரிமையும்

2020 டிசம்பரில் ஒரு விடியற்காலை, கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிற சாலையில், எங்கள் நாய் செவலை ஒரு பூனையைப் பார்த்து இழுத்த இழுப்பில் அப்பா கீழே விழுந்தார். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. அவருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்தவர் முதலில் சொன்னது, "அதை அடிக்காதேப்பா, அதுக்கு என்ன தெரியும்" என்பதுதான்.

செவலை நாட்டு நாய். திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட் பக்கம் குட்டியாகக் கிடந்ததை அப்பாதான் தூக்கி வந்தார். நல்ல பிள்ளை, ஆனால் கயிற்றைப் பிடித்தால் ஊரையே இழுத்துக்கொண்டு போகும். எல்லோரும் ஷாக் காலர், அதாவது மின் அதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டை, வாங்கச் சொன்னார்கள். அந்தக் கருவிகளின் காப்புரிமை வரலாறு பழையது. மண்ணில் புதைத்த கம்பியை நாய் தாண்டப் போனால் கழுத்தில் மின் அதிர்ச்சி கொடுக்கிற வேலிக்கு, ரிச்சர்ட் பெக் என்ற அமெரிக்கர் 1973-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். வேல்ஸ் நாட்டில் 2010-இல் இந்தக் காலர்களையே தடை செய்தார்கள். அப்பாவிடம் காட்டினேன். "என் கை உடைஞ்சதுக்கு அது கழுத்துல கரண்டா?" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

நான் அப்பா விழுந்ததற்கு முந்தைய வருடம்தான் சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியிருந்தேன். அங்கே ஒரு சிப் தொழிற்சாலையில் பதினோரு வருடம், சிலிக்கான் வேஃபரை மெருகேற்றும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. சி.எம்.பி. என்பார்கள், வேதிப்பொருளும் உராய்வும் சேர்ந்த மெருகேற்றல். 300 மில்லிமீட்டர் விட்டமும் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான தடிமனும் உள்ள வட்டத் தகட்டைக் கவிழ்த்து, சுழலும் திண்டின் மேல் அழுத்தி, நடுவில் நுண்துகள் கலந்த திரவத்தை ஊற்றித் தேய்ப்பார்கள். எங்கே நிறுத்துவது என்பதுதான் அதில் பெரிய கேள்வி. மேல் படலம் தேய்ந்து போய் அடியில் உள்ள படலம் தலைகாட்டும் நொடியில் நிறுத்த வேண்டும். கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் படலம் மாறும்போது உராய்வு மாறும், உராய்வு மாறினால் திண்டைச் சுழற்றும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டமும் மாறும். அந்த மாற்றத்தைப் பிடித்து நிறுத்தலாம் என்று மைக்ரான் நிறுவனம் 1991-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. எண் 5,036,015. இந்த எண்ணைப் பின்னால் நான் மனப்பாடம் செய்ய வேண்டி வந்தது, அதனால்தான் சொல்கிறேன்.

செவலையோடு நடக்கும்போது ஒருநாள் கையில் அதே இயந்திரத்தைப் பிடித்திருப்பது போல் இருந்தது. இழுக்கிறது, இழுக்கிறது, திடீரென்று கயிறு தளர்கிறது. அந்தத் தளரும் நொடியில் "சபாஷ்" சொல்லி ஏதாவது கொடுத்தால் அது கற்றுக்கொள்ளும். உளவியலாளர் ஸ்கின்னரிடம் படித்த பிரிலேண்ட் தம்பதியர் 1940-களிலேயே, சரியான நொடியைச் சத்தத்தால் குறித்துக்காட்டி விலங்குகளைப் பழக்கினார்கள். ஆனால் என் கையும் வாயும் எப்போதும் ஒரு நொடி தாமதம். நான் சபாஷ் சொல்வதற்குள் செவலை அடுத்த இழுப்பை ஆரம்பித்திருக்கும். அப்படியானால் அது பாராட்டு வாங்கியது எதற்கு? இழுத்ததற்கு.

சரி, மோட்டாரே சொல்லட்டும் என்று தோன்றியது. கைப்பிடிக்குள் ஒரு சுருள், அதில் நாடா, சுருளைப் பிடித்திருக்க ஒரு சிறிய மோட்டார். நாய் இழுத்தால் மோட்டாரின் மின்னோட்டம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். இறங்கும் கணத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். சத்தம் கேட்டதும் ஓர் உப்பில்லாத காய்ந்த நெத்திலி. புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை அண்ணன் சுருளைக் கடைந்து கொடுத்தார். மற்ற சாமான்களைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். 2021 மே மாதம், மூன்று வாரத்தில், செவலை அப்பாவின் இடது கையோடு அமைதியாக நடந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து அதன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

காப்புரிமைக் கதை இங்கேதான் ஆரம்பம்.

முதலில் ஒரு நிறுவனத்திடம் போனேன். "பேட்டன்ட் வாங்கித் தருகிறோம்" என்றார்கள். 15,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அவர்கள் அனுப்பிய வரைவில் கைப்பிடியின் படம் மட்டும் ஏழு கோணத்தில் இருந்தது. மோட்டாரைப் பற்றி ஒரு வரி இல்லை. அது வடிவமைப்புப் பதிவு. பொருள் எப்படித் தோற்றமளிக்கிறது என்பதற்குத்தான் அந்தப் பாதுகாப்பு, எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அல்ல. கைப்பிடியைக் கொஞ்சம் மாற்றிச் செய்துவிட்டு யாரும் விற்கலாம். கேட்டதற்கு "இதுவும் பேட்டன்ட் மாதிரிதான் சார்" என்றார்கள். பணம் திரும்பவில்லை. யாராவது பேட்டன்ட் என்று சொன்னால், 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் கீழா, 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் நண்பர் மூலம் புதுச்சேரியில் ஓய்வுபெற்ற காப்புரிமை முகவர் ஒருவரைப் பார்த்தேன். லாஸ்பேட்டையில் வீடு. அவர் பணம் வாங்கவில்லை, வேலை வாங்கினார். நான் செல்போனில் வைத்திருந்த செவலை வீடியோவைக் காட்டியதும் அவர் முதலில் கேட்டது, "இதை எங்கேயாவது போட்டீங்களா?" போடவில்லை. போடுவதாக இருந்தேன். "போடாதீங்க. நீங்களே வெளியே சொன்னாலும் அது பழசாயிடும், புதுசுன்னு காப்புரிமை கேட்க முடியாது" என்றார். கண்காட்சியில் வைத்தால் ஒரு வருடம் சலுகை உண்டே என்று கேட்டேன். அது மத்திய அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிட்ட கண்காட்சிகளுக்குத்தான், கல்லூரியில் நடக்கும் எல்லாக் கண்காட்சிக்கும் இல்லை என்றார்.

அவர் இரண்டாவதாகக் கேட்டது என் பழைய வேலை ஒப்பந்தத்தை. வேலையில் இருந்தபோது யோசித்ததா, அந்த நிறுவனத்தின் ரகசியம் ஏதாவது இதில் இருக்கிறதா? இரண்டுமே இல்லை. மோட்டார் மின்னோட்டத்தைக் கவனிக்கும் யோசனை 1991-லேயே அச்சில் வெளியானது, அந்தக் காப்புரிமையும் காலாவதியாகிவிட்டது. காலாவதியான காப்புரிமையில் உள்ளது எல்லோருக்கும் பொது. அதை எடுத்து அதன் மேல் கட்டலாம். இது தெரிந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாவது, தேடல். கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், நம் அரசின் இன்பாஸ் என்று மூன்று தேடல் தளங்களிலும் தேடினேன். வார்த்தையை வைத்துத் தேடினால் ஒரே பொருள் கயிறு என்றும் வார் என்றும் கட்டுப்படுத்தும் சாதனம் என்றும் இருக்கும், பாதி தப்பிவிடும். வகைப்பாட்டு எண்ணை வைத்துத் தேட வேண்டும். விலங்குகளைப் பழக்கும் கருவிகள் ஏ01கே 15/02, கழுத்துப்பட்டையும் கயிறும் ஏ01கே 27. மெருகேற்றுவதில் முடிவுப்புள்ளி கண்டறிதல் பி24பி 37/013. ஐந்து வாரம், இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ஒரு மணி வரை படிப்பேன். கயிற்றில் இழுவிசையை அளந்து, அளவு மீறினால் அலறும் கருவிகள் ஏற்கெனவே இருந்தன. மனம் சோர்ந்துவிட்டது. முகவர் ஐயாவிடம் சொன்னேன்.

"அவங்க இழுக்கும்போது கத்துறாங்க. நீங்க விடும்போது சொல்றீங்க. அது ஒண்ணு. வேற என்ன?"

வேறு என்ன என்று அந்த மாலை முழுக்க யோசித்தேன். கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணமான விவரக்குறிப்பை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் தாக்கல் செய்ய முடியும். எனக்கு ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் வெறும் ஜோடனை வார்த்தைகள்தான் வந்தன. அதனால் முதலில் ஒரு நோட்டில் தமிழில் எழுதினேன், தங்கைக்குச் சொல்வது மாதிரி. எழுதும்போதுதான் ஒன்று பிடிபட்டது. மெருகேற்றும் இயந்திரத்தில் திண்டு தேயத் தேய மின்னோட்டத்தின் அளவே நகர்ந்துகொண்டிருக்கும், அதனால் நாங்கள் அளவைப் பார்க்க மாட்டோம், அது மாறுகிற விதத்தைப் பார்ப்போம். அதோடு, சுழற்சியால் வரும் ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்ப்போம். என் கருவியிலும் என்னையறியாமல் அதையே செய்திருந்தேன். பத்துக் கிலோ நாய்க்கும் முப்பது கிலோ நாய்க்கும் இழுப்பு வேறு, அதனால் அளவு உதவாது. நாய் நான்கு காலில் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் கயிறு லேசாக இறுகித் தளரும். அதைத் தளர்வு என்று எடுத்துக்கொண்டால் கருவி ஓயாமல் டிக் டிக் என்று அடிக்கும். நடையின் தாளத்தைக் கண்டுபிடித்து, அதைக் கழித்த பிறகு மிஞ்சுகிற இறக்கத்துக்கு மட்டுமே சத்தம். இதைச் செய்ததால்தான் செவலை மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டது. இத்தனை நாள் இதை ஒரு சின்ன மின்சுற்றுத் திருத்தம் என்றே நினைத்திருந்தேன். உண்மையில் கண்டுபிடிப்பே அதுதான்.

"இது வரைவுல இருக்கா?" என்றார் ஐயா. இல்லை. "முதல் தாக்கல்லயே போடுங்க. எழுதாததைப் பின்னால சேர்க்க முடியாது."

2021 ஆகஸ்டில் தற்காலிக விவரக்குறிப்போடு இணையத்தில் தாக்கல் செய்தேன். தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுமே சென்னை கிண்டி அலுவலகத்தின் எல்லைதான். தனிநபருக்குக் கட்டணம் 1,600 ரூபாய். கையெழுத்துக்குக் கிளாஸ் 3 டிஜிட்டல் சான்றிதழ் தேவைப்பட்டது, அதன் செலவு தனி. பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு தர வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அந்த ஒரு வருடத்தில் பன்னிரண்டு கிளைம் எழுதினேன், அதாவது எதற்கெல்லாம் உரிமை கேட்கிறேன் என்ற வரிகள். பத்துக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 320 ரூபாய், ஆகவே 640. அதோடு படிவம் 18, ஆய்வுக்கான வேண்டுகோள், 4,000 ரூபாய். அதைத் தனியாகக் கேட்டால்தான் ஆய்வு செய்வார்கள். விண்ணப்பம் போட்டால் போதும் என்று இருந்துவிட்டு இதை மறந்தவர்களை ஐயா நிறையப் பார்த்திருக்கிறார். பெண் விண்ணப்பதாரர்கள் துரித ஆய்வு கேட்கலாம் என்ற வசதி 2019 முதல் இருக்கிறது, தெரிந்த பெண்களிடம் சொல்லுங்கள்.

2023 பிப்ரவரிக்கு மேல், பதினெட்டு மாதம் முடிந்ததும், விண்ணப்பம் வெளியானது. முதல் ஆய்வறிக்கை 2024 ஜனவரியில் வந்தது. பதில் தர ஆறு மாதம். திறந்து படித்தபோது கை நடுங்கியது. எனக்கு முன்பே வெளியானவை என்று இரண்டு ஆவணங்களைக் காட்டியிருந்தார்கள். முதல் ஆவணம், இழுவிசை உணரி வைத்த ஒரு நாய்க்கயிறு. இரண்டாவது ஆவணம், மைக்ரானின் 5,036,015. சிங்கப்பூரில் பதினோரு வருடம் நான் வேலை பார்த்த தத்துவம் என் நாய்க்கயிற்றின் எதிரே வந்து நின்றது. இரண்டையும் சேர்த்தால் இந்தத் துறையில் தேர்ந்த ஒருவருக்கு இது எளிதில் தோன்றக்கூடியதே என்பது ஆட்சேபம். நடைத் தாளத்தைக் கழிப்பது கணினி நிரல் மட்டுமே, வெறும் நிரலுக்குக் காப்புரிமை இல்லை என்று 3(கே) பிரிவின் கீழ் இன்னொன்று.

எனக்குக் கோபம் வரவில்லை, மரியாதைதான் வந்தது. என் கிளைமைப் படித்துவிட்டு வேஃபர் மெருகேற்றுவதுவரை போய்த் தேடியிருக்கிறார் ஒருவர்.

பதில் எழுத ஐந்து மாதம் எடுத்துக்கொண்டேன். இன்பாஸில் வெளியான விண்ணப்பங்களின் ஆய்வறிக்கையும் பதிலும் யாருக்கும் பார்க்கக் கிடைக்கும். ஏ01கே வகையில் இருபது கோப்புகளாவது படித்தேன், எந்தப் புத்தகத்தையும்விட அவை சொல்லிக்கொடுத்தன. நாய் பழக்குபவர் வேஃபர் ஆலைக்குள் போய்த் தேட மாட்டார் என்பதை மட்டும் நம்பி வாதாட வேண்டாம் என்றார் ஐயா. அது சரியான யோசனை. நடைத் தாளத்தைக் கழிப்பதைச் சொன்ன நான்காவது கிளைமை முதல் கிளைமுக்குள் கொண்டுவந்தேன். 59-ஆம் பிரிவின்படி முதலில் எழுதியதன் எல்லைக்குள்தான் திருத்தலாம். தற்காலிகத் தாக்கலிலேயே அந்தப் பத்தி இருந்ததால் முடிந்தது. நிரல் ஆட்சேபத்துக்கு, அந்தக் கணக்கு மோட்டாரோடும் சுருளோடும் பிணைந்து சத்தம் எழும் நேரத்தையே மாற்றுகிறது என்று வரைபடத்தோடு காட்டினேன்.

2024 நவம்பரில் விசாரணை, காணொளி மூலம். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று இன்வெர்ட்டரை முந்தைய நாளே சரிபார்த்தேன். செவலையை அப்பா கெடிலம் கரைப் பக்கம் கூட்டிப்போய்விட்டார். அதிகாரி நேராகக் கேட்டார்: மோட்டார் மின்னோட்டமும் இழுவிசை உணரியும் ஒரே விஷயத்தைத்தானே அளக்கின்றன, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைத்தது எப்படிக் கண்டுபிடிப்பாகும்? ஆமாம், அது மட்டுமே என்றால் ஆகாது என்றேன். எந்த உணரியை வைத்தாலும், நடையால் வரும் தளர்வையும் நாய் மனசார விடும் தளர்வையும் பிரிக்காவிட்டால் பயிற்சி நடக்காது, முதல் ஆவணம் அதைப் பிரிக்கவில்லை, இரண்டாவது ஆவணத்தில் நடை என்பதே இல்லை என்றேன். இருபது நிமிடத்தில் முடிந்தது. பதினைந்து நாளுக்குள் எழுத்துமூல விளக்கம் தந்தேன்.

2025 ஜனவரியில் மின்னஞ்சலில் சான்றிதழ் வந்தது. மூன்றாம், நான்காம் ஆண்டுகளுக்கான புதுப்பிப்பு நிலுவை, 800 வீதம் 1,600 ரூபாய் உடனே கட்டினேன். முதல் தாக்கலிலிருந்து கணக்குப் போட்டால் அரசுக் கட்டணம் மொத்தம் 7,840 ரூபாய். அந்த நிறுவனத்துக்குப் போன 15,000-த்தை இதில் சேர்க்கவில்லை.

அப்பா சான்றிதழைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "செவலை பேர் இதுல இல்லையேப்பா" என்றார். இல்லை. ஆனால் விவரக்குறிப்பின் வரைபடம் மூன்றில் ஓர் அலைக்கோடு இருக்கிறது, 2021 மே மாதம் தேவனாம்பட்டினத்தில் செவலை நடந்த நடையை அப்படியே பதிவுசெய்தது. அந்தப் பக்கத்தைத் திருப்பி, மேடும் பள்ளமுமாகப் போகும் ஒவ்வொரு அடியையும் விரலால் தொட்டுக் காட்டினேன். மணிக்கட்டு இன்னும் முழுதாகத் திரும்பாத வலது கையால் அப்பாவும் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.