அறை குட்டி, மற்றதெல்லாம் வெளியே: ஹகாட்டா ஹோட்டல் நாட்குறிப்பு

11 நவம்பர் 2024, திங்கள்

ஜப்பானின் ஃபுகுவோகாவில் விமான நிலையம் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது, சப்வே பிடித்தால் ஐந்து நிமிஷத்தில் ஊரின் முக்கிய ரயில் நிலையமான ஹகாட்டா, 260 யென். மூன்று மணிக்கு முன்னால் அறை கிடையாது என்பதால் அம்மாவும் நானும் லாபியில் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் பாஸ்போர்ட்டை வாங்கிப் பிரதி எடுத்தார்கள் (வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அது கட்டாயம்), தங்கும் வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு 200 யென் தனியாக.

அறையைத் திறந்ததும் அம்மா, "ஏட்டி, இது ரூமா, ரயில் பெட்டியா?" என்றார். ரெண்டு கட்டில், நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்க இடம், அவ்வளவுதான். பெட்டியை எங்கே வைப்பது என்று முழித்தால், கட்டிலைக் கொஞ்சம் உயரமாகப் போட்டு அடியில் தள்ளிவிடும்படி வைத்திருக்கிறார்கள்.

குளியலறையும் கழிப்பறையும் சேர்த்து ஒரே பிளாஸ்டிக் கூடு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்காக நியூ ஓட்டானி ஹோட்டலை அவசர அவசரமாகக் கட்டியபோது, ஒவ்வொரு அறையிலும் ஓடு பதிக்க நேரமில்லாமல் டோட்டோ கம்பெனி தொழிற்சாலையிலேயே செய்து கொண்டுவந்து பொருத்தியது இந்த மாதிரிக் குளியலறையைத்தான். அதே டோட்டோதான் 1980-இல் தண்ணீர் பீச்சிக் கழுவிவிடும் கழிப்பறை இருக்கையான வாஷ்லெட்டையும் கொண்டுவந்தது. அதன் தலைமையகம் பக்கத்து ஊரான கிதாக்யூஷூவில்தான். காகிதத்தை மட்டும் வைத்துவிட்டு நம்மைத் தவிக்க விடும் ஊர்களை எல்லாம் பார்த்த பிறகு அந்தக் கம்பெனிக்கு ஒரு கும்பிடு.

பல் துலக்கும் பிரஷ் அறையில் இல்லை. லாபியில் ஒரு அலமாரி, அதில் பிரஷ், சீப்பு, ரேசர், பஞ்சு, முடி கட்டும் ரப்பர், பச்சைத் தேயிலைப் பொட்டலம், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரலில் பிளாஸ்டிக் சட்டம் வந்தது. இலவசமாக அள்ளிக் கொடுப்பதைக் குறைக்கச் சொன்ன 12 பொருள்களில் பிரஷ், சீப்பு, ரேசர், குளியல் தொப்பி எல்லாம் உண்டு. யாரும் நின்று கண்காணிக்கவில்லை, ஆனாலும் ஆளுக்கு ஒன்றுதான் எடுக்கிறார்கள். அம்மா ரப்பர் மட்டும் நாலு எடுத்தார்.

12 நவம்பர், செவ்வாய்

மேல் மாடியில் பொதுக் குளியல். பெண்கள் பக்கக் கதவில் எண் பூட்டு, எண்ணை வரவேற்பில் கொடுத்துவிடுகிறார்கள். மாலை மூன்றிலிருந்து மறுநாள் காலை பத்து வரை திறந்திருக்கும். உள்ளே துணி கூடாது, சின்னத் துண்டு ஒன்று கையில் இருக்கலாம், அதுவும் தொட்டித் தண்ணீரில் படக் கூடாது.

எனக்கே கூச்சம், அம்மாவை எப்படிக் கூப்பிடுவது? அம்பாசமுத்திரத்தில் வளர்ந்தவர், தாமிரபரணிப் படித்துறையில் பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு ஊரோடு குளித்தவர், ஆனால் இது வேறு கணக்கு. "யாரும் இல்லாத நேரம் பாத்து எழுப்பு" என்றார். காலை ஐந்தரைக்குப் போனோம். ஒரே ஒரு பாட்டி தொட்டியில் இருந்தார், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சுவரோரம் வரிசையாகக் குட்டி முக்காலிகள், பக்கத்தில் ஆளுக்கொரு வட்டப் பேசின், இடுப்பு உயரத்தில் குழாய். உட்கார்ந்து, தண்ணீர் பிடித்து, தேய்த்து, மொண்டு ஊற்றிச் சுத்தமான பிறகுதான் வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். எந்த ஹோட்டலுக்குப் போனாலும் "வாளி இல்லையா, கப்பு இல்லையா" என்று கேட்கிற அம்மாவுக்கு வேறென்ன வேண்டும்! முக்காலியில் சம்மணமிடாத குறையாக உட்கார்ந்து சாவகாசமாக ஊற்றிக்கொண்டே இருந்தார். தொட்டியில் நான்தான் முதலில் இறங்கினேன். 41 டிகிரி என்று சுவரில் போட்டிருந்தது, ரெண்டு நிமிஷத்தில் மூக்கு நுனி வரை வியர்த்தது. அம்மா முழங்கால் வரை விட்டுப் பார்த்து, "ரசம் வைக்கலாம்" என்று சொல்லி ஏறிவிட்டார்.

காலை உணவு அவ்வளவு சுகமில்லை. எனக்குக் குறையில்லை, மெந்தைகோ என்கிற காரமான மீன் முட்டை இந்த ஊர் ஸ்பெஷல், சோற்றில் வைத்துச் சாப்பிட்டேன். அம்மா சுத்த சைவம். மிசோ சூப்பிலும் வேகவைத்த காய்கறியிலும்கூட காய்ந்த மீன் சீவலில் எடுத்த தண்ணீர்தான் அடிப்படை, கண்ணுக்குத் தெரியாது. கடைசியில் வெறும் சோறு, ஊரிலிருந்து கொண்டுவந்த நார்த்தங்காய், வாழைப்பழம்.

13 நவம்பர், புதன்

துணி துவைத்தோம். சோப்புத்தூள் தானாக விழுகிறது, துவைப்பதற்குக் காசு இல்லை, உலர்த்தத்தான் 100 யென் காசு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எந்த இயந்திரம் காலி என்று அறை டிவியிலேயே தெரிகிறது. மாடிக்கு நாலு தடவை ஏறி இறங்கும் வேலை மிச்சம்.

இந்த மாதம் ஃபுகுவோகாவில் சுமோ போட்டி. சாயங்காலம் லாபி டிவி முன்னால் ஹோட்டல் கொடுத்த இரவு உடையிலேயே ஐந்தாறு பேர். மல்யுத்தர்கள் உப்பு வீசும்போதெல்லாம் அம்மா, "திருஷ்டி சுத்துறானா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவகையில் அதுதான், களத்தைத் தூய்மைப்படுத்தத்தான் வீசுகிறார்கள்.

ராத்திரி ஒன்பதரைக்கு இலவச ராமென் (சூப்பில் போட்ட நூடுல்ஸ்), அரைக் கிண்ணம். நான் மட்டும்.

14 நவம்பர், வியாழன்

பெட்டியை வரவேற்பில் கொடுத்து ஹிரோஷிமா ஹோட்டலுக்குக் கூரியரில் போட்டாயிற்று, நாளை வந்துவிடும். அளவு எடுத்துத்தான் கட்டணம் சொல்கிறார்கள், சின்னப் பெட்டியில் நெருக்கி அடைப்பது லாபம். அந்த ஹோட்டலில் பொதுக் குளியல் கிடையாது என்று சொன்னதும் அம்மா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். இப்போது போனில் வேறு ஹோட்டல் தேடிக்கொண்டிருக்கிறேன், பெட்டி பாட்டுக்குப் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.