சேலத்து மாவில் ஒட்டிய நத்தார் நட்சத்திரம்

எங்கள் வீட்டில் டிசம்பர் 25ஐ இன்றும் நத்தார் என்றே சொல்கிறோம். போர்த்துக்கீசியர் எங்கள் கரையில் விட்டுச்சென்ற 'நத்தால்' என்ற சொல் மன்னாரில் வழங்கி வழங்கி நத்தார் ஆயிற்று. 1990இல் இலங்கையில் போர் மறுபடி மூண்டபோது, அம்மாவும் அம்மம்மாவும் நானும் தலைமன்னாரிலிருந்து படகேறி வந்து, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் அகதி முகாமில் பெயர் பதிந்தோம். அப்போது எனக்கு 11 வயது. அங்கிருந்து சேலம் மாவட்டத்தில் தாரமங்கலம் பக்கத்து முகாம் ஒன்றுக்கு எங்களை அனுப்பினார்கள். பள்ளியில் நான் நத்தார் என்றபோது கூடப் படித்த பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. வெளியில் கிறிஸ்துமஸ் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். வீட்டுக்குள் சொல் மாறவில்லை. ஆனால் அந்த நாளுக்காக வீட்டை அலங்கரிக்கும் பொருள்கள் ஆண்டுக்கு ஒன்றாக மாறிக்கொண்டே வந்தன. நான் இந்த நாட்டில் வேர் பிடித்தது அந்த மாற்றங்களின் வழியாகத்தான் என்று உறுதியாக நம்புவதால், அவற்றை மறக்கும் முன் எழுதிவைக்கிறேன்.

மன்னாரில் எங்கள் நத்தார் அலங்காரம் முழுவதும் பனையிலிருந்தே வந்தது. நவம்பர் கடைசியில் அம்மம்மா குருத்தோலை வாங்கி விரித்துக் காயவைப்பார். பகல் வெயிலும் இரவுப் பனியும் மாறிமாறிப் பட்டால் ஓலை வெளுத்துப் பதமாகும். பிறகு ஈர்க்கை நீக்கி, விரல் அகலத்துக்கு வார்ந்து, சில வார்களைச் சாயத் தண்ணீரில் கொதிக்கவைத்துச் சிவப்பும் பச்சையும் ஏற்றுவார். அந்த வார்களில் நட்சத்திரம், காற்றாடி, கிளி எல்லாம் பின்னினாலும், எங்கள் வீட்டுக்கென்று அடையாளமாக இருந்தது ஓலை மீன். இரண்டு வார்களை எதிரெதிராக மடித்து ஒன்றின் மடிப்புக்குள் மற்றதை நுழைத்து இறுக்கினால் கட்டைவிரல் அளவில் மீனின் உடல் வரும். மிஞ்சிய முனைகளைச் சாய்வாகக் கத்தரித்தால் அதுவே வால். கரித்துண்டால் ஒரு புள்ளி வைத்தால் கண். அம்மப்பா கடலுக்குப் போனவர் என்பதால், குழந்தை இயேசுவுக்கு நாங்கள் கட்டும் பாலன் குடிலின் கூரையில் மீன்களைக் கோத்துத் தொங்கவிடுவது எங்களுக்கு இயல்பாக இருந்தது. ஆதிக் கிறிஸ்தவர்கள் மீனையே தங்கள் அடையாளக் குறியாக வைத்திருந்தார்கள் என்பதை நான் மிகப் பிந்தியே படித்து அறிந்தேன். அம்மம்மா அதையெல்லாம் அறிந்து செய்தவர் அல்லர். அவருக்கு மீன் என்றால் சோறு.

முகாமில் எங்களுக்குக் கிடைத்தது பத்தடிக்குப் பத்தடி அறை. முதல் நத்தாருக்கு அம்மா எதுவும் செய்ய வேண்டாம் என்றார். கரையில் விட்டு வந்தவர்களைப் பற்றி ஒரு கடிதமும் வராத நேரத்தில் வீட்டை அலங்கரிப்பது அவருக்குப் பாவமாகப் பட்டது. அம்மம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை என் கையைப் பிடித்துக்கொண்டு வயல் வரப்பு வழியே நடந்தார். "பிள்ளை, பனை இல்லாத ஊருக்கு எங்களை அனுப்பேல்லை, அது போதும்" என்றார். செங்கல் சூளைக்காகச் சாய்த்திருந்த பனை ஒன்றின் தலைப்பகுதி வரப்போரம் கிடந்தது. தோட்டக்காரரிடம் கேட்டபோது, "எடுத்துட்டுப் போங்கம்மா, மாடு மிதிக்கிறதுக்கு உங்களுக்காச்சும் ஆகட்டும்" என்று அவரே அரிவாளால் குருத்தைப் பிளந்து கொடுத்தார். செம்மண் பனையின் ஓலை எங்கள் மணற்பனை ஓலையைவிடச் சற்றுத் தடிப்பாக இருப்பதாக அம்மம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த ஆண்டு பன்னிரண்டு மீன்கள் பின்னினோம். அம்மா தாமாக வந்து அமர்ந்து பதின்மூன்றாவதைப் பின்னினார். அது யாருக்காக என்று நாங்கள் கேட்கவில்லை.

நட்சத்திரம் கட்டக் கற்றுக்கொண்டது இரண்டாம் ஆண்டில். இவ்வூரில் எல்லாரும் அதை ஸ்டார் என்பார்கள். மூங்கிலைப் பிளந்து மூன்றடி நீளத்தில் பத்துப் பிளாச்சுகள் சீவ வேண்டும். ஐந்தைச் சேர்த்து ஐந்துமுனை நட்சத்திரம் ஒன்று, மற்ற ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து முனைகளை மட்டும் நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு, உள்ளே பிளாச்சுகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களிலும் அரையடிக்குச் சற்றுக் குறைந்த ஒரு குச்சியை நெம்பி நிறுத்தினால், தட்டையாகக் கிடந்தது வயிறு புடைத்து எழுந்து நிற்கும். அந்தக் கணம் எனக்கு இன்றும் அலுக்கவில்லை. கட்டுவதற்கான நூலைப் பக்கத்துத் தறி வீடுகளில் கொடுத்தார்கள். நெசவில் மிஞ்சிய பட்டு இழைத் துணுக்குகளையும் அங்கிருந்த ஓர் அக்கா எனக்காகச் சேர்த்துவைத்தார். ஐந்து முனைகளிலும் குஞ்சமாகத் தொங்கியது அந்தப் பட்டுதான்.

காகிதம் ஒட்டும் பசைக்குத்தான் நாங்கள் மிகவும் திணறினோம். சோற்றுப் பசை காய்ந்ததும் உதிர்ந்தது. மைதாப் பசையைக் கரப்பான் பூச்சிகள் ஒரே இரவில் தின்று, ஒட்டிய தாளையும் கடித்துவைத்தன. சேலத்தில் வேறு வழி இருந்தது. நாங்கள் மரவள்ளி என்பதை இங்கே குச்சிக்கிழங்கு என்கிறார்கள். அதை அரைத்து ஜவ்வரிசியும் மாவும் எடுக்கும் சேகோ ஆலைகள் இம்மாவட்டம் முழுவதும் உண்டு. அப்படி ஓர் ஆலையில் கூலி வேலைக்குப் போய்வந்த முகாம் அண்ணா ஒரு பொட்டலம் மாவு கொண்டுவந்தார். மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, கொதிக்கும் தண்ணீரில் ஊற்றிக் கைவிடாமல் கிண்ட வேண்டும். பால்போல வெண்மையாக இருப்பது திடீரென்று கண்ணாடிபோலத் தெளிந்து இறுகும். அதுதான் பதம், அப்போதே இறக்கிவிட வேண்டும். பூச்சி அண்டாமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்த்தோம். அது நஞ்சு என்பதால் அந்தச் சட்டியை அம்மம்மா பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்து, வேறு எதற்கும் பயன்படுத்தவிடாமல் பார்த்துக்கொண்டார். அந்தப் பசையில் ஒட்டிய காற்றாடித்தாள் தை மாதம் வரை விறைப்பாக நின்றது. அறைக்கு ஒரே குண்டு பல்பு என்பதால், நள்ளிரவுப் பூசைக்குப் போகும்வரை அதைக் கழற்றி நட்சத்திரத்துக்குள் மாட்டிவிட்டு நாங்கள் உள்ளே மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தோம்.

குடிலுக்குப் புல் வளர்க்கச் சொல்லித்தந்தவர் கிறிஸ்தவர் அல்லர். முகாமுக்கு வெளியே எருமை வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்த ஆயா அவர். ஆடியில் மாரியம்மனுக்கு முளைப்பாரி போடுவதில் அந்தத் தெருவுக்கே பெரிய கை. காகிதத்தை வெட்டி நான் செய்த புல்லைப் பார்த்துவிட்டு அவருக்கு மனம் ஒப்பவில்லை. அகலமான மண்சட்டியில் எருத்தூளைப் பரப்பி, இரவு ஊறவைத்த ராகியைத் தூவி, மேலே கைத்தண்ணீர் தெளித்துக் காட்டினார். "இருட்டுல வெச்சா மஞ்சளா வரும் கண்ணு, அது எங்க ஆத்தாளுக்கு. உன் சாமிக்குப் பச்சை வேணும்னா மூணாம் நாளு வெயிலுக்குத் தூக்கிடு" என்றார். டிசம்பர் 14இல் தூவினால் 24இல் விரல் உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று நிற்கும். அசிசியின் பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோ என்ற ஊரில் குடிலை முதன்முதலில் அமைத்தபோது வைக்கோலையும் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார் என்று மறைக்கல்வியில் படித்திருக்கிறேன். உயிருள்ள ஏதோ ஒன்று குடிலில் இருக்க வேண்டும் என்பது எனக்கு ஆயாவின் ராகியால்தான் புரிந்தது. இந்த ஒரு வழக்கத்தை நான் எந்த ஆண்டும் விட்டதில்லை.

2006இல் திருமணமாகி, கணவரின் தச்சு வேலைக்காக, முகாமுக்கு வெளியே தங்குவதற்கான வெளிப்பதிவில் ஏற்காட்டுக்கு வந்தோம். அவரும் அதே முகாமில் வளர்ந்தவர். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம்; கடல்மட்டத்தில் பிறந்த எனக்கு முதல் டிசம்பரில் விரல் மடங்கவில்லை. கீழே கற்ற வித்தை மேலே செல்லாது என்பதை அந்த முதல் நட்சத்திரமே காட்டியது. வாசலில் கட்டிய இரண்டாம் நாள் இரவே மூடுபனியில் தாள் நனைந்து, சாயம் ஒழுகி, காலையில் மூங்கில் எலும்பு மட்டும் தொங்கியது. மகளுக்கு அப்போது பேச்சு வராத வயது. வாசலைச் சுட்டிக் காட்டி அழுதாள். அன்று எனக்கும் அழுகை வந்தது. மன்னாரை விட்டபோது வராத அழுகை அது.

மலையில் என்ன கிடைக்கும் என்று பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பிச் செடி இன்று சேர்வராயன் மலையெங்கும் பரவி நிற்கிறது. அதற்கு நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த மரத்தின் இலை, பெரணிபோல நறுக்கு நறுக்காகப் பிரிந்தது. மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் வெள்ளி. கழித்துப் போட்ட கிளைகளின் இலைகளைப் பழைய செய்தித்தாள்களுக்கு இடையே அடுக்கிப் பலகையும் கல்லும் ஏற்றி இரண்டு வாரம் விட்டால், மேற்புறம் பழுப்பேறினாலும் அடிப்புறத்து வெள்ளி அப்படியே நிற்கும். அந்த வெள்ளி வெளியே தெரியும்படி நட்சத்திரத்தின் கைகளில் இலைகளைத் தைத்தேன். மூடுபனி அதை ஒன்றும் செய்யவில்லை. உள்ளே வெப்பம் இல்லாத எல்இடி விளக்கை வைத்தால், இலைகளின் நறுக்குகளுக்கு இடையே ஒளி கசிந்து சுவரில் விழுகிறது.

அதே இலையில், நத்தாருக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய திருவருகைக் காலத்துக்கான வளையமும் செய்கிறோம். அடியில் இருப்பது பானை வைக்கும் வைக்கோல் பிரிமணை. அதில் நான்கு மெழுகுவத்திகள், மூன்று ஊதா, ஒன்று ரோசா, ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுவோம். 1839இல் ஹாம்பர்க் நகரில் விக்கெர்ன் என்ற போதகர், தம் இல்லத்தில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகள் நத்தாருக்கு இன்னும் எத்தனை நாள் என்று ஓயாமல் கேட்டதால், வண்டிச்சக்கரம் ஒன்றில் மெழுகுவத்திகளை நிறுத்தி நாள் எண்ணக் கொடுத்தாராம். அதைப் படித்த அன்றிலிருந்து இந்த வளையம் எனக்கு மிக நெருக்கமாகிவிட்டது. முகாமில் நாங்களும் அப்படி நாள் எண்ணிய பிள்ளைகள்தாம்.

டிசம்பர், மலையில் காப்பிப் பழம் பறிக்கும் காலம். உதிர்ந்து கிடந்த செம்பழங்களை ஊசி நூலில் கோத்து மாலையாக்கும் யோசனை மகளுடையது. பார்க்க அத்தனை அழகு; நான்கே நாளில் சுருங்கிக் கறுத்துவிட்டன. இப்போது 24ஆம் தேதி பிற்பகலில்தான் கோக்கிறோம். சேலம் கடைவீதிக்குப் போகும்போது மின்னும் பிளாஸ்டிக் நட்சத்திரங்களை அவள் நின்று பார்ப்பதுண்டு. ஒருமுறை வாங்கியும் கொடுத்தேன். பிள்ளையின் ஆசையைத் தடுப்பது சரியென்று தோன்றவில்லை. அடுத்த ஆண்டு அதை எங்கே வைத்தோம் என்று அவளுக்கு நினைவில்லை. பிரிமணையில் ஓர் இலை கோணலாக இருந்தால் மட்டும் வந்து திருத்திவிட்டுப் போவாள்.

அம்மா இன்னும் முகாமில்தான் இருக்கிறார். 2021இல் அரசு அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. டிசம்பர் முதல் வாரத்தில் ஓலை வார்களைச் சுருட்டி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் மலையேறி வருவார். அம்மம்மா 2011இல் போன பிறகு ஓலைக்கு அவரே பொறுப்பு. அடுப்படியில் மூன்று தலைமுறையும் உட்கார்ந்து மீன் பின்னுவோம். கரிப்புள்ளி வைத்த இடத்தில் இப்போது தோட்டத்து மிளகு ஒன்றைக் குச்சிக்கிழங்குப் பசையில் ஒட்டுகிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள், கிறிஸ்துமஸுக்கு எதற்கு மீன் என்று கேட்பார்கள். மகள்தான் பதில் சொல்கிறாள்: "எங்க பூட்டி மன்னாருங்க."

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் எல்லாவற்றையும் இறக்கிவிடுவோம். ராகிப் பயிர் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு, இலைகள் எருக்குழிக்கு. மூங்கில் பிளாச்சுகளைக் கணவர் பின்கட்டில் பீன்ஸ் கொடிக்கு ஊன்றிவிடுவார். மீன்களை எண்ணி, வேப்பிலையோடு தகரப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. சென்ற தடவை நாற்பத்தொன்று இருந்தன. மிளகு உதிர்ந்த இரண்டை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்; புது மிளகு காய்ந்ததும் கண் வைக்க வேண்டும்.