ஓடுகிறவரைச் சுடலாமா?

காவல் பயிற்சியில் சட்டப் பாடம் எடுப்பது என் வேலை. துப்பாக்கிச் சூடு பற்றிய பாடம் வந்தால் எல்லா வகுப்பிலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சார், ஓடுறவனைச் சுடலாமா?"

அதற்கு நான் எடுப்பது அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்த டென்னசி – கார்னர் வழக்கை. 1974இல் மெம்பிஸ் நகரில், ஒரு வீட்டில் திருடிவிட்டு இரவில் வேலி ஏறித் தப்பப் பார்த்த 15 வயதுப் பையனைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். பையனிடம் ஆயுதம் இருப்பதாக அவரே நினைக்கவில்லை. திருடுபோனது 10 டாலரும் ஒரு பர்ஸும். ஆனாலும் அன்றைய மாநிலச் சட்டம் அந்தச் சூட்டை அனுமதித்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தப்புகிறவரால் காவலருக்கோ பிறருக்கோ உயிராபத்தோ படுகாயமோ நேரும் என்று நம்பத் தக்க காரணம் இருந்தால்தான் சுடலாம், முடிந்த இடத்தில் முதலில் எச்சரிக்க வேண்டும் என்றது. 1990இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. கோட்பாடுகள் இன்னும் கறாரானவை: உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கொல்லும் நோக்கத்தோடு சுடலாம்.

இதுவரை எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒத்திகை முடிந்து அறிக்கை எழுதச் சொன்னால்தான் சிக்கல். "உயிருக்கு ஆபத்து ஏற்பட்டதால் சுட்டேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சரி, கண்ணால் என்ன பார்த்தீர்கள்? எந்தக் கை? அது சட்டைக்குள் போனதா, பாக்கெட்டுக்குள் போனதா? எவ்வளவு தூரம்? அவருக்குப் பின்னால் யார் நின்றார்கள்? ஒருமுறை ஓர் இளம் காவலர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "கையைப் பார்க்கவே இல்ல சார், முகத்தைத்தான் பார்த்தேன்" என்றார். அவ்வளவு நேர்மையான பதிலை நான் அதிகம் கேட்டதில்லை. அவருடைய பயம் உண்மைதான். ஆனால் பயந்தேன் என்பது மட்டும் சட்டத்துக்குப் போதாது, அந்தப் பயத்துக்கு நியாயமான காரணம் வேண்டும்.

சம்பவ இடத்தில் நின்ற நியாயமான ஒரு காவலரின் கண்ணால்தான் பார்க்க வேண்டும், நடந்து முடிந்த பிறகு கிடைத்த தெளிவை வைத்து எடை போடக் கூடாது என்று 1989இல் கிரஹாம் – கானர் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. அது சரியான அளவுகோல் என்றே நினைக்கிறேன். நொடியில் முடிவெடுத்தவரை, மாதக் கணக்கில் கோப்பு புரட்டுகிறவர்கள் அவசரப்பட்டுக் குறை சொல்லக் கூடாது.

ஆனால் அந்த ஒரு நொடியை மட்டும் வெட்டி எடுத்துப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1988இல் ஜிப்ரால்டரில் மூன்று பேரைச் சுட்டுக் கொன்ற பிரிட்டிஷ் வீரர்களை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1995இல் குறை சொல்லவில்லை. அந்த மூவரும் குண்டை வெடிக்கச் செய்யக்கூடும் என்றுதான் வீரர்களுக்குத் தகவல் கிடைத்திருந்தது. அந்த நடவடிக்கையைத் திட்டமிட்டு நடத்திய விதத்தில்தான் தவறு கண்டது. சுட்ட நொடியை மட்டும் பார்த்தால் போதாது, முழுச் சூழலையும் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2025இல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

அதனால் அறிக்கையைத் துப்பாக்கியை எடுத்த இடத்திலிருந்து ஆரம்பிக்க நான் விடுவதில்லை. அழைப்பு வந்ததிலிருந்து எழுத வேண்டும். ஏன் தனியாகப் போனீர்கள், மறைவாக நிற்க இடம் இருந்ததா, உதவிக்கு ஆள் வரும்வரை காத்திருக்க முடியாதா? அப்புறம், சுடப்பட்டவருக்கு எப்போது முதலுதவி கொடுத்தீர்கள்? காயம்பட்டவருக்குச் சீக்கிரமே மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும் ஹவானா கோட்பாடுகளில் உள்ள கடமைதான். பலருடைய அறிக்கையில் அந்த வரி மட்டும் இருக்காது. எழுதி வரச் சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.