கோவளம் கடற்கரைக் கச்சேரி: காரைக்குடியிலிருந்து போய்வர

கடல் காற்றில் நின்று பேண்டு கேட்பதற்காக நானூறு கிலோமீட்டர் போகலாமா என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு போகலாம். சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் 2013-ல் தொடங்கிய அலைச்சறுக்கு இசை விழாவில் காலையில் கடலில் போட்டி, சாயங்காலம் மணலில் கச்சேரி. இரண்டுமே பார்க்க வேண்டியவை.

காரைக்குடிக்காரர்களுக்கு ஒரு வசதி. வெள்ளி ராத்திரி சென்னையிலிருந்து தெற்கே வரும் பஸ்களில்தான் நெரிசல். நாம் எதிர்த்திசையில் போகிறோம். ஞாயிறு ராத்திரியும் அப்படியே. தொடர் விடுமுறை இல்லையென்றால் அரசு பஸ்ஸிலேயே சீட் கிடைக்கும், ஆம்னிக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டாம். ரயிலில் போனால் தாம்பரத்திலேயே இறங்கிவிடுங்கள். எழும்பூர் போய்த் திரும்புவது பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு. தாம்பரம்–மாமல்லபுரம் 515 பஸ் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போகும்.

வயிற்றெரிச்சல் எல்லாம் திரும்பும்போதுதான். கச்சேரி முடியும் நேரத்துக்கு ராமேஸ்வரம் ரயில்கள் தாம்பரத்தைத் தாண்டியிருக்கும். கிளாம்பாக்கம் பஸ்நிலையம்தான் கதி. அதுவரைக்கும் கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர். கூட்டம் மொத்தமாக ரோட்டுக்கு வரும்போது ஆட்டோவில் வாயில் வந்ததைக் கேட்கிறார்கள், செல்போன் ஆப் டாக்ஸிக் கட்டணமும் ஏறிவிடுகிறது. மத்தியானமே ஒரு வேன் பேசி, வெயிட்டிங் உட்பட மொத்தத் தொகையை முடித்துக்கொள்ளுங்கள். ஏறும் இடம் மேடை வாசலாக இருக்கக் கூடாது, ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) மெயின் ரோடு வரைக்கும் நடந்து வந்து ஏறினால் அரைமணி நேரம் மிச்சம்.

சாப்பாட்டுக்கு ஊரிலிருந்து பொடி இட்லி. ஐந்து பேருக்கு 40 இட்லி, 100 கிராம் பொடி, 200 மில்லி நல்லெண்ணெய். இட்லி நன்றாக ஆறிய பிறகே இரண்டு பக்கமும் தடவ வேண்டும். சூட்டோடு கட்டினால் வியர்த்து, விடிவதற்குள் ஊசிப்போகும். வாழை இலையைத் தணலில் வாட்டிக்கொண்டால் மடிக்கும்போது கிழியாது. சட்னி வேண்டவே வேண்டாம். கூடவே கைமுறுக்கும் சீப்புச் சீடையும் ஒரு டப்பா. விழா வளாகத்துக்குள் வெளிச் சாப்பாட்டை விட மாட்டார்கள், ஆகவே சனிக்கிழமை காலையிலேயே கட்டை அவிழ்த்துவிடுங்கள்.

கச்சேரிக்கு எங்கே நிற்பது? மேடை முன்னால் முட்டிமோதி நிற்பது வீண். அங்கே பேஸ் எனும் கனத்த அடி ஓசை நெஞ்சில் இடிக்கும், பாடகர் குரல் தெளியாது. எதிரே கூடாரம் போட்டு, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் கருவி மேசை வைத்திருப்பார்கள். அதை ஒட்டி நில்லுங்கள். சவுண்ட் என்ஜினீயர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். மணல்வெளியில் ஓசையைத் தடுத்துத் திருப்பச் சுவர் கிடையாது. காற்று குறுக்கே அடிக்கும்போது வயலினும் சிம்பலும் வந்து வந்து போகும், பேஸ் மட்டும் நிற்கும். பின்வரிசைக்குப் போகப் போக இது மோசமாகும். காதடைப்பான் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

ரூமுக்குக் கேளம்பாக்கம் போதும். விழா பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். அந்த மாதங்களில் சென்னைக் கரையில் சாயங்கால இடிமழை சாதாரணம். போனை ஜிப் கவரில் போடுங்கள், மழைக்கும் மணலுக்கும் அதுவே காப்பு. இருட்டிய பிறகு கடலில் இறங்காதீர்கள். பகலில் இறங்கி, கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்புங்கள்.