சர்வரிடம் என் மாமியார் பேசும் விதம்

மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி மதுரைக்கு வந்தவள் நான். நாடு மாறிப் போகிறாய், வெயில் தாங்காது, விசாவுக்கு அலைய வேண்டும் என்றெல்லாம் பயமுறுத்தித்தான் அனுப்பினார்கள். வெயில் பழகிவிட்டது. விசா, ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்கள் இங்கே தங்க இந்திய அரசு தருவது) அலைச்சலும் ஒருவழியாக முடிந்தது. ஹோட்டல் சர்வர்களைப் பற்றித்தான் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மலேசியாவில் மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை, நடுராத்திரியிலும் திறந்திருக்கும். ஒரு தே தாரிக்கை (ஆற்றி நுரைத்த பால் டீ) வைத்துக்கொண்டு ஃபுட்பால் மேட்ச் முடியும்வரை உட்கார்ந்திருக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். எங்கள் தெருமுனைக் கடையில் ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி) போட்டவர் ராமநாதபுரத்துக்காரர். எங்களை 'பாஸ்' என்பார், நாங்கள் 'அண்ணே' என்போம், டிப்ஸ் என்ற பேச்சே கிடையாது. அந்த ராமநாதபுரம் மதுரையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். அதனால் இங்கேயும் கடைகள் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன் போல.

ராத்திரி கூட்ட நேரத்தில் ஒரு நல்ல பரோட்டாக் கடைக்குப் போய்ப் பாருங்கள். நீங்கள் உட்காருவதற்கு முன்பே சப்ளையர் பக்கத்தில் நிற்பார். "என்ன இருக்கு?" என்றால் "பரோட்டா, பன் பரோட்டா, வீச்சு, கொத்து, கறிதோசை, கலக்கி" என்று ஒரே மூச்சில் கொட்டுவார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னால் முகம் சுருங்கும். மெனு கார்டு கேட்டீர்களோ, போச்சு.

காளவாசல் பக்கம் அப்படி ஒரு கடை. நான், கணவர், மகன், அத்தை நாலு பேரும் போயிருந்தோம். மகனுக்குக் காரம் ஆகாது. பக்கத்து இலையில் ஊற்றிய சால்னாவைக் காட்டி, "அங்கிள், இது காரமா இருக்குமா?" என்று கேட்டான். சப்ளையர் மேஜையைத் துடைத்த ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "காரம் ஆகாதுன்னா வீட்டுல தயிர்சோறு திங்க வேண்டியதுதான? இங்க எதுக்கு வர்றீங்க?" என்றார். யாரோ சிரித்தார்கள். பையன் முகம் தொங்கிப்போனது.

எனக்கு வந்த கோபத்துக்கு அப்படியே எழுந்து போயிருப்பேன். கணவர் அதற்குள் கல்லாவைப் பார்த்துக் கிளம்பிவிட்டார். அத்தை அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"தம்பி, இங்க பாரு" என்றார். சப்ளையர் திரும்பும்வரை காத்திருந்தார். "புள்ள காரமான்னு கேட்டான். ஆமான்னு சொல்லு, இல்ல இல்லைன்னு சொல்லு. அவனுக்குத் தயிர்சோறு போட நான் இருக்கேன், நீ சொல்ல வேணாம்." சத்தம் எங்கள் மேஜையைத் தாண்டியிருக்காது. அந்த ஆள் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள், "சரி, மொதல்ல ரெண்டு பன் பரோட்டா கொண்டா. ஒரு கலக்கி, மிளகு கொறச்சுப் போடச் சொல்லு. சூடா வரணும்" என்று முடித்தார்.

சாமர்த்தியம் அந்த ஆர்டரில்தான் இருந்தது. பேச்சோடு நிறுத்தியிருந்தால் அவரும் நின்று பதில் சொல்லியிருப்பார், கடையே வேடிக்கை பார்த்திருக்கும். ஆர்டரைக் கையில் கொடுத்துவிட்டால் அவர் தோசைக்கல் பக்கம் போயே ஆக வேண்டும். மன்னிப்பு எதுவும் வரவில்லை, அத்தை எதிர்பார்க்கவும் இல்லை. கலக்கியைக் கொண்டுவந்து வைத்தபோது பையனிடம் மட்டும், "சால்னா காரந்தான். குருமா இருக்கு, ஊத்தவா?" என்று கேட்டார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

கணவர் வழி வேறு. ஏதாவது என்றால் நேரே முதலாளிதான். இதற்கு முன்னால் வேறொரு கடையில் அப்படித்தான் போய்ச் சொன்னார். முதலாளி அந்த சர்வரைக் கூப்பிட்டு, அத்தனை பேருக்கும் நடுவில் வாய்க்கு வந்தபடி ஏசி, "கணக்க முடிச்சிட்டுக் கெளம்பு" என்றார். என் அப்பா வயது இருக்கும் அந்த மனிதருக்கு. அப்புறம் இலையில் இருந்தது யாருக்கும் இறங்கவில்லை. அத்தை இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்: "அவன் பேசுனான்னா அவன்கிட்டக் கேக்கணும். மொதலாளிகிட்ட என்னத்துக்குப் போன?"

பாவம், நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர்கள், நாலு வார்த்தை பேசினால் என்ன, விட்டுவிடலாமே என்பவர்களும் உண்டு. என் நாத்தனார் அந்தக் கட்சி. எனக்கு ஒப்பவில்லை. கால் கடுக்கிறது என்று பிள்ளையிடம் எரிந்து விழுவதா?

அத்தையின் வித்தை பலிக்காத இடம் ஏசி ஹால். அங்கே மரியாதைக்குக் குறைவே இல்லை, 'சார்', 'மேடம்' தூள் பறக்கும். வம்பு பில்லில் வரும். ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது மத்திய அரசுக்கு (சிஜிஎஸ்டி) இரண்டரை, மாநில அரசுக்கு (எஸ்ஜிஎஸ்டி) இரண்டரை, அது சட்டப்படி. அதன் மேல் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு தொகை, கடை தானாகச் சேர்ப்பது. அதை எடுக்கச் சொன்னதும் அதுவரை சிரித்த சர்வர் பையன், "எல்லாரும் குடுக்குறாங்க மேடம்" என்று முகத்தைத் திருப்பினான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இங்கே கல்லாவுக்குப் போவதில் தப்பே இல்லை, ஏனென்றால் அந்தத் தொகையைப் போட்டது சர்வர் இல்லை. கணவரை அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிக்கட்டுமா என்று கேட்டதும் வேறு பில் வந்தது.

டிப்ஸ் விஷயத்தில் அத்தைக்குக் கணக்கு தனி. காளவாசல் கடையில் பில்லோடு சோம்புத் தட்டு வந்ததும், எண்ணெய்க் கையைப் பேப்பரில் துடைத்துவிட்டு, முந்தானை முடிச்சிலிருந்து இருபது ரூபாயை எடுத்துத் தட்டுக்கு அடியில் வைத்தார். "அவனுக்கா?" என்றேன். "பேசுனதுக்குப் பேசியாச்சுல்ல தாயி. வேல பாத்தான்ல?" என்றார்.

இப்போது சர்வர் யாராவது அப்படிப் பேசினால் நானே கேட்டுவிடுகிறேன். "தம்பி, இங்க பாருங்க" என்று ஆரம்பித்தால் என் ஈப்போ தமிழைக் கேட்டுச் சிலருக்குச் சிரிப்பு வந்துவிடும். அதுவும் வசதியாகத்தான் இருக்கிறது. பழகவே முடியாதது ஒன்றுதான்: நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, எப்போது எழுவோம் என்று நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் வந்து நிற்பது. அதற்கு அத்தையிடம் வழி கேட்டுப் பிரயோஜனம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படி முதலில் போய் நிற்கிற ஆள் அவர்தான்.